காருக்கு மெழுகு பூசுவது வீண் செலவா?



சிராங்கூன் சாலைக் கோயில்களின் முன்னால் வாகன பூசைக்குப் புதிய கார்கள் வந்து நிற்பது பலரும் கண்ட காட்சிதான். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், முன்புறத்தில் மாலை, பானெட்டின் மீது சந்தனம், அதன் நடுவே குங்குமம். தாத்தா பாட்டி முதல் பேரப்பிள்ளை வரை குடும்பமே சுற்றி நின்று கும்பிடும். வீட்டுக்கு ஒரு புதிய உறுப்பினர் வந்த மகிழ்ச்சி எல்லார் முகத்திலும் தெரியும்.

ஒரு மாதம் கழித்து அதே காரைப் பார்த்தால், சந்தனம் இருந்த இடத்தில் வேறொன்று இருக்கும். காய்ந்துபோன சந்தனத்தை யாரோ வறண்ட துணியால் அழுத்தித் தேய்த்திருப்பார்கள். சந்தனம் போய்விட்டது, வட்ட வட்டமான மெல்லிய கீறல்கள் மட்டும் நின்றுவிட்டன. வெயிலில் சாய்வாகப் பார்த்தால் சிலந்தி வலை போலத் தெரியும். வாங்கியவர் மனம் நொந்து கடைக்குப் போகிறார். கடைக்காரர் ஓர் அழகான டப்பாவை எடுத்து நீட்டுகிறார். 'அசல் கார்னாபா மெழுகு, உயர்ந்த ரகம்' என்கிறார். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது.

சில பத்து வெள்ளியிலிருந்து பல நூறு வெள்ளி வரை இந்த மெழுகுகள் விற்கின்றன. வாங்குவது புத்திசாலித்தனமா, வீண் செலவா? இன்றைய பேச்சு இதைப் பற்றித்தான்.

பத்தாண்டுச் சொத்து

வேறு ஊர்களில் இது சின்ன விஷயம். சிங்கப்பூரில் அப்படியல்ல. 1990ஆம் ஆண்டு மே மாதத்தில் வாகன ஒதுக்கீட்டு முறை இங்கு நடப்புக்கு வந்தது. அன்று முதல் கார் வாங்க வேண்டுமானால் அதற்கு முன் வாகன உரிமைச் சான்றிதழ் வாங்க வேண்டும். அந்தச் சான்றிதழின் ஆயுள் பத்து ஆண்டுகள். 2023ஆம் ஆண்டில் சிறிய கார்களுக்கான சான்றிதழே ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியது. காரைவிடக் காகிதத்துக்கு விலை அதிகம் என்று காப்பிக் கடைகளில் வேடிக்கையாகச் சொல்வார்கள். அந்த வேடிக்கையில் உண்மை இல்லாமல் இல்லை.

இந்த விவகாரங்களை எல்லாம் கவனிக்கும் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் தலைமையகம் இருப்பது லிட்டில் இந்தியாவில், ஹேம்ப்ஷியர் சாலையில். பழைய கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை இருந்த இடம் அது. ஒரு காலத்தில் குழந்தைகள் பிறந்த இடத்தில் இப்போது கார்களின் ஆயுள் கணக்குப் பார்க்கப்படுகிறது.

இந்தக் கணக்கில் மெழுகுக்கு இடம் உண்டா? முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். பத்து ஆண்டுகளுக்கு முன்பே காரின் பதிவை நீக்கினால் அரசாங்கத்திடமிருந்து கிடைக்கும் கழிவுத் தொகை, காரின் வயதையும் வாங்கியபோது கட்டிய பதிவுக் கட்டணத்தையும் வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. கார் கண்ணாடி போல் மின்னினாலும் சரி, சாம்பல் பூத்துக் கிடந்தாலும் சரி, அந்தத் தொகையில் ஒரு காசுகூட மாறாது. மெழுகு பூசினால் அரசாங்கக் கழிவு கூடும் என்று எவரும் எண்ண வேண்டாம்.

ஆனால் இருவருக்கு இது பணக் கணக்குதான். இடையில் காரை மற்றொருவருக்கு விற்பவர் ஒருவர். வாங்க வருபவரின் கண் முதலில் விழுவது காரின் மேனியில். சான்றிதழை மேலும் ஐந்து ஆண்டுக்கோ பத்து ஆண்டுக்கோ புதுப்பித்து அதே காரை ஓட்டுபவர் மற்றவர். புதிய சான்றிதழின் விலை ஏற ஏற, பழைய காரையே வைத்துக்கொள்ள நினைக்கும் குடும்பங்களும் உண்டு. வயதான பெற்றோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் கார் தேவைப்படுகிற குடும்பங்கள் அவை. அவர்களுடைய காரின் சாயம் பதினைந்து, இருபது ஆண்டுகள் தாக்குப்பிடிக்க வேண்டும். கார் முழுவதற்கும் மறுசாயம் அடிக்க ஆகும் செலவு சிறிய செலவல்ல.

முடியைவிட மெல்லிய காவல்

காரின் சாயம் ஒரே பூச்சு என்று பலர் நினைக்கிறார்கள். இன்றைய கார்களில் அது நான்கு அடுக்கு. இரும்புத் தகட்டின் மீது துருவைத் தடுக்கும் பூச்சு, அதன் மீது சாயம் பிடிப்பதற்கான அடித்தளப் பூச்சு, அதற்கு மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற தெளிபூச்சு. நான்கையும் சேர்த்தால்கூட ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான் வரும். மேலே உள்ள தெளிபூச்சு மட்டும் சுமார் 35 முதல் 50 மைக்ரான். தலைமுடி இதைவிடத் தடிமனானது. பளபளப்பும் வெயிலைத் தாங்கும் சக்தியும் இந்த மெல்லிய தெளிபூச்சில்தான் இருக்கின்றன.

இங்கேதான் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். 'காருக்குப் பாலிஷ் போட்டேன்' என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொல்வது வழக்கம். பாலிஷ் வேறு, மெழுகு வேறு. பாலிஷில் மிக நுண்ணிய துகள்கள் உண்டு. அது தெளிபூச்சைக் கொஞ்சம் தேய்த்து எடுத்துத்தான் கீறலை மறைக்கிறது. மெழுகு எதையும் எடுப்பதில்லை. மேலே ஒரு படலத்தைச் சேர்க்கிறது. ஒன்று செலவு, மற்றொன்று வரவு. தெளிபூச்சு என்கிற சேமிப்பிலிருந்து மாதந்தோறும் எடுத்துக்கொண்டே இருந்தால் ஒருநாள் கையிருப்பு தீர்ந்துவிடும். அப்போது கூரையிலும் பானெட்டிலும் தோல் உரிவது போல் வெள்ளை வெள்ளையாக உரியும். அதற்கு உலகத்தில் எந்த மெழுகும் மருந்தல்ல.

பழைய தலைமுறை ஓட்டுநர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அந்தக் காலத்தில் கார்களுக்குத் தெளிபூச்சு கிடையாது. நிறமே மேற்பூச்சு. வெயிலில் அது வெளுத்து மாவு போல் ஆகும். நன்றாக அழுத்தித் தேய்த்தால் மேலே உள்ள செத்த சாயம் துணியில் ஒட்டிக்கொண்டு வர, அடியிலிருந்து புது நிறம் பளிச்சென்று தெரியும். அவர்கள் செய்தது அன்றைய காருக்குச் சரி. நிறத்துக்கு மேல் தெளிபூச்சு பூசும் முறை 1980களில் பரவியது. அதே அழுத்தத்தை இன்றைய காரில் காட்டினால் சேமிப்புதான் கரையும். அப்பா சொன்னபடி தேய்க்கும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

சிங்கப்பூரின் எதிரிகள்

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்குச் சற்று வடக்கே, ஒன்றேகால் பாகை அளவில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் வெயில் தலைக்கு மேலே. ஆண்டில் சராசரியாக 170 நாள் மழை; அளவு ஏறக்குறைய 2,100 மில்லிமீட்டர். காலையில் கொட்டும் மழை, பிற்பகலில் கொளுத்தும் வெயில். மழைத்துளி காய்ந்த இடத்தில் வட்ட வட்டமாகக் கறை படியும்.

அடுத்த எதிரி பறவை. மாலையில் மரங்களில் கூட்டம் கூட்டமாக வந்தடையும் மைனாக்களின் சத்தம் இங்கு எல்லாருக்கும் பழக்கம். அவை மரத்தில் இரவைக் கழிக்க, அடியில் நிற்கும் கார் காலையில் புள்ளி குத்தியது போல் இருக்கும். பறவை எச்சத்தில் உள்ள அமிலம் வெயில் சூட்டில் தெளிபூச்சை அரிக்கத் தொடங்கிவிடும். சில மணி நேரம் போதும். சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களிலிருந்து உதிரும் பூவும் பிசினும் இதே வரிசையில் சேரும். புகைமூட்டம் வந்தால் அதுவும் உண்டு. 2013ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் தேதி காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டது. அப்படிப்பட்ட நாட்களில் காரின் மீது படியும் துகளை வறண்ட துணியால் துடைப்பவர், உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமமான வேலையைச் செய்கிறார்.

மெழுகின் வேலை இங்கே புரியும். எச்சமும் பிசினும் முதலில் மெழுகின் மீது விழுகின்றன. அவை அரிப்பது மெழுகைத்தான். தெளிபூச்சை எட்டுவதற்குள் கழுவிவிட அவகாசம் கிடைக்கிறது. தான் தேய்ந்து மற்றதைக் காப்பதுதான் மெழுகு. அது தேய்ந்து போகிறதே என்று குறைப்படுவதில் பொருளில்லை.

வெயிலைப் பொறுத்தவரை மெழுகு பெரிய கவசம் அல்ல. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருட்கள் தெளிபூச்சிலேயே கலந்திருக்கின்றன. நிழலில் நிறுத்துவது எந்த விலை மெழுகையும்விடப் பலன் தரும்.

பனையின் உறவுக்காரர்

கார்னாபா எங்கிருந்து வருகிறது? நம் பனைமரத்தின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மரம்தான் அது. பனையைப் போலவே விசிறி ஓலை. பிரேசில் நாட்டின் வடகிழக்கில் உள்ள சியாரா, பியாவி, ரியோ கிராண்டே டோ நோர்ட்டே மாநிலங்களில் வளர்கிறது. சியாரா மாநிலத்தின் சின்னத்தில் இந்த மரம் இடம்பெற்றிருக்கிறது. தமிழர்கள் பனையைக் கற்பகத்தரு என்பது போல, அந்த ஊர் மக்கள் இதை வாழ்வு தரும் மரம் என்கிறார்கள். வேர் முதல் ஓலை வரை எல்லாம் பயன்.

அந்தப் பகுதியில் கோடை நீண்டது; காற்று வறண்டது. ஓலையிலுள்ள ஈரம் ஆவியாகிப் போகாமல் இருக்க, மரம் தன் ஓலை மீது ஒரு மெழுகைச் சுரந்துகொள்கிறது. ஈரக்காற்று வீசும் இடத்தில் நட்டால் மரம் வளரும். ஆனால் பயன்படும் அளவுக்கு மெழுகு கிடைப்பதில்லை. வறட்சிக்கு மரம் கண்டுபிடித்த பதில் அது. உள்ளே இருக்கும் நீரை வெளியே விடாமல் காத்த அதே மெழுகு, சிங்கப்பூரில் வெளியே இருக்கும் நீரைச் சாயத்தில் தங்கவிடாமல் காக்கிறது.

வறண்ட மாதங்களில் நீண்ட கழியின் முனையில் கத்தியைக் கட்டி ஓலையை வெட்டுகிறார்கள். சில நாள் வெயிலில் காய வைக்கிறார்கள். காய்ந்த ஓலையை அடித்து உதறினால் மெழுகு தூளாக உதிர்கிறது. அதை உருக்கி, வடிகட்டி, ஆற வைத்து உடைக்கிறார்கள். குருத்தோலையிலிருந்து வரும் வெளிர் மஞ்சள் மெழுகு முதல் தரம். முற்றிய ஓலையிலிருந்து வருவது கருமை கலந்தது, விலை குறைவு. உயர்ந்த ரகம் என்று டப்பாவில் எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்தக் குருத்தோலை மெழுகைத்தான் குறிப்பிடுகிறார்கள்.

இயற்கை மெழுகுகளிலேயே மிகக் கடினமானது இது. தேன்மெழுகு ஏறக்குறைய 63 டிகிரி செல்சியஸில் உருகும். கார்னாபா உருக 82 முதல் 86 டிகிரி வேண்டும். வெயிலில் கை வைக்க முடியாத அளவுக்குக் கொதிக்கும் கறுப்புக் காரின் கூரையிலும் இது தாக்குப்பிடிப்பதற்குக் காரணம் அதுதான். இந்த மெழுகைத் தேடி 1935ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மெழுகு நிறுவனத் தலைவர் எச்.எஃப். ஜான்சன், ரசீன் நகரிலிருந்து சிறு விமானத்தில் புறப்பட்டுப் பிரேசிலின் ஃபோர்ட்டலேசா வரை பறந்து சென்றார். அவ்வளவு மதிப்பு அதற்கு.

ஆனால் டப்பாவில் 'நூறு விழுக்காடு கார்னாபா' என்று கண்டால் ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டும். சுத்தமான கார்னாபா கல் போல் இருக்கும். அதைக் காரில் பூசவே முடியாது. கரைப்பானும் எண்ணெயும் மென்மையான வேறு மெழுகும் சேர்த்தால்தான் அது குழைவாகும். கலந்திருக்கும் கார்னாபாவில் வேறு கலப்படம் இல்லை என்பதைத்தான் அந்த வாசகம் சொல்கிறது. டப்பா முழுவதும் கார்னாபா என்று அல்ல.

எப்படிப் பூசுவது?

வீவக குடியிருப்பாளர்களுக்கு வீட்டு வாசலில் குழாய் கிடையாது. இரண்டு வாளி போதும். ஒன்றில் காருக்கான சோப்பு நீர், மற்றதில் வெறும் நீர். மேலிருந்து கீழாகக் கழுவி, துணியை ஒவ்வொரு முறையும் வெறும் நீரில் அலசிய பிறகே சோப்பு நீரில் முக்க வேண்டும். பாத்திரம் துலக்கும் திரவம் வேண்டாம். அது எண்ணெயை எடுப்பது போலவே மெழுகையும் எடுத்துவிடும்.

கழுவிக் காய்ந்த பின், கையை மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் விட்டுக் காரின் மேற்பரப்பைத் தடவிப் பார்க்கலாம். சொரசொரப்பாக இருந்தால் தூசியும் பிசினும் உள்ளே புதைந்திருக்கின்றன என்று பொருள். அதை எடுக்கத் தனியாகக் களிமண் கட்டி விற்கிறார்கள். ஈரப்படுத்தி மென்மையாக இழுத்தால் போதும். இந்த வேலையைச் செய்யாமல் அழுக்கின் மீது மெழுகு பூசினால், விலை எதுவாக இருந்தாலும் பலனில்லை.

மெழுகு பூச நிழல் வேண்டும். தகடு ஆறியிருக்க வேண்டும். பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் கூரையுள்ள தளம் இதற்குத் தோதான இடம். பஞ்சில் சிறிதளவு எடுத்து, ஒவ்வொரு பகுதியாக, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் அளவுக்கு மெல்லியதாகப் பூச வேண்டும். லேசாகப் பனி படர்ந்தது போல் மங்கியதும் மென்மையான மைக்ரோஃபைபர் துணியால் துடைக்கலாம். தடிமனாகப் பூசினால் கூடுதல் காவல் கிடைக்காது. துடைத்தெடுப்பது அந்தக் கூடுதலைத்தான். கறுப்புப் பிளாஸ்டிக் பாகங்களில் பட்டால் வெள்ளைக் கறை நிற்கும். பளபளப்பில்லாத மங்கல் சாயம் பூசிய கார்களுக்கு இந்த மெழுகு கூடாது. பட்டறையில் மறுசாயம் அடித்த பகுதி நன்றாக உலர ஒன்றிரண்டு மாதம் காத்திருப்பது நல்லது.

எச்சம் விழுந்திருந்தால் ஈரத் துணியைச் சில நிமிடம் மேலே போட்டு ஊறவைத்து எடுக்க வேண்டும். பூசைச் சந்தனத்துக்கும் இதே முறைதான். புதுக் காருக்கு மெழுகு பூசிவிட்டுப் பிறகு கோயிலுக்குக் கொண்டுபோனால், சந்தனம் தண்ணீரிலேயே நழுவிவிடும். சாமி காரியமும் கெடாது, சாயமும் கெடாது.

விலை எதற்கு?

இந்தப் படலம் சிங்கப்பூர் மழையிலும் வெயிலிலும் ஒன்று அல்லது இரண்டு மாதம் நிற்கும். தண்ணீர் முத்து முத்தாக உருளாமல் பரவிப் படியத் தொடங்கினால் மறுபடி பூசும் நாள் வந்துவிட்டது. செயற்கைப் பூச்சுகள் இதைவிட நீண்ட நாள் நிற்கும். கடைகளில் அடிக்கும் பீங்கான் பூச்சு ஓரிரு ஆண்டுகள்கூடத் தாங்கும். காவல் மட்டுமே வேண்டுமென்றால், மாதந்தோறும் நேரம் ஒதுக்க முடியாதவர்களுக்கு அவைதான் பொருத்தம். கார்னாபாவின் சிறப்பு அதன் ஆழமான மினுமினுப்பு. கறுப்பு, கருஞ்சிவப்பு, கருநீலக் கார்களில் அது நன்றாகத் தெரியும். வெள்ளை, வெள்ளி நிறக் கார்களில் வித்தியாசம் கண்டுபிடிப்பதே கடினம்.

அப்படியானால் பல நூறு வெள்ளி மெழுகு? அது கண்ணின் ஆசைக்கு. ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் வரிசையாகச் சொன்னால், நிழலுக்கு முதலிடம், முறையாகக் கழுவுவதற்கு இரண்டாமிடம், தவறாமல் பூசுவதற்கு மூன்றாமிடம். டப்பாவின் விலைக்கு நான்காமிடம்தான். ஆண்டுக்கு ஒருமுறை விலை உயர்ந்த மெழுகு பூசிய காரைவிட, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நடுத்தர விலை மெழுகு பூசிய கார் நன்றாக இருக்கும்.

விலை பேசும்போது மற்றொன்றையும் மறக்கக்கூடாது. இதே மெழுகு மிட்டாய்களின் பளபளப்புக்கும் மாத்திரைகளின் மேற்பூச்சுக்கும் போகிறது. 2017ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஏஆர்டி தொலைக்காட்சி, பிரேசிலில் இந்த ஓலை வெட்டும் தொழிலாளர்கள் சிலர் வெட்டவெளியில் உறங்கி, கழிப்பறையின்றி, ஆற்று நீரைக் குடித்து வேலை செய்யும் நிலையைக் காட்டியது. அடிமைத்தனத்தை ஒத்த நிலை என்று கண்டனம் எழுந்தது. மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களின் வழித்தோன்றல்கள் பலர் வாழும் ஊர் இது. மின்னும் பொருளுக்குப் பின்னால் யாருடைய கை இருக்கிறது என்று கேட்பதற்கு இங்குள்ளவர்களுக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மெழுகு எங்கே, எப்படி எடுக்கப்பட்டது என்று சொல்லும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதும், காரைக் கழுவித் தரும் தொழிலாளிக்குப் பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுப்பதும் ஒரே நியாயத்தின் இரு பக்கங்கள்.

தமிழில் மெழுகு என்பது பொருளின் பெயர் மட்டுமன்று. வேலையின் பெயரும் அதுவே. ஊரில் பாட்டிமார் சாணம் கரைத்துத் திண்ணையை மெழுகினார்கள். மெல்லியதாகத்தான் மெழுகினார்கள். வெள்ளிக்கிழமை தோறும் மெழுகினார்கள். ஒருமுறை தடிமனாகப் பூசிவிட்டு ஆண்டு முழுவதும் சும்மா இருக்கலாம் என்று அவர்கள் ஒருநாளும் நினைத்ததில்லை. ஹேம்ப்ஷியர் சாலையில் கணக்கு எழுதும் பத்தாண்டு ஆயுளை இருபதாண்டாக நீட்ட விரும்பும் குடும்பங்களுக்கு அந்தப் பாட்டிமாரின் வழியே போதும். மெழுகு பூசுவது வீண் செலவல்ல. பூசிவிட்டு மறந்துபோவதுதான் வீண் செலவு.